சிவிக் ஈகே3-க்கு லோவரிங் ஸ்பிரிங்: வீட்டு முற்றத்திலேயே மாட்டலாமா?

உவர்மலை_ஈகே3 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஈகே3. அப்பா பாவித்த கார், போன வருடம்தான் என் கைக்கு வந்தது. எஞ்சின், கியர் எல்லாம் வடிவாக ஓடுகின்றன. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் முன் சில்லுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை மடக்கி வைக்கிற அளவுக்கு இடைவெளி. அது சின்ன வயதிலிருந்தே என் கண்ணை உறுத்துகிற விஷயம்.

போன மாதம் கொழும்புக்குப் போனபோது பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த லோவரிங் ஸ்பிரிங் (காரின் உயரத்தைக் குறைக்கிற ஸ்பிரிங்), நாலும் ஒரே செட்டாக, ஈகே3-க்கு என்றே கிடைத்தது. ஒன்றரை அங்குலம் இறக்கும் என்றார்கள். யோசிக்காமல் வாங்கிவிட்டேன். இங்கே திருகோணமலைக்கு வந்து ஒரு கராஜில் காட்டினால், "இதுக்கு ஏன் தம்பி காசை விட்டீர், இருக்கிற ஸ்பிரிங்கில ஒரு சுத்து வெட்டிவிட்டா முடிஞ்சுது" என்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது நானும் மச்சானும் சேர்ந்து வீட்டிலேயே மாட்டலாமா என்று பார்க்கிறோம். ஹைட்ரோலிக் ஜக் ஒன்று, ஸ்டாண்ட் இரண்டு, சொக்கட் செட் இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கொம்பிரசர் ஒருவரிடம் இரவல் கேட்டிருக்கிறேன். முற்றம் முழுக்க மணல். மூன்று விஷயம் தெரிய வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய வேலைதானா? ஷொக் அப்சோபர் பழையதையே விடலாமா, இப்போது ஒழுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியாக, வெள்ளிக்கிழமைகளில் அம்மாவை ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போவேன், மாதத்தில் இரண்டு தடவை ஹபரணை வழியாகக் கொழும்பு. அடி தட்டுமா?

உப்புவெளி_ஸ்பனர் எழுதியது:

தம்பி, வெட்ட விடாமல் திரும்பி வந்தீர் பாரும், அதுதான் பெரிய காரியம். முப்பது வருடமாகக் கார்களுக்குக் கீழே கிடந்தவன் என்ற முறையில் முதலில் அந்தக் கதையை முடித்துவிடுகிறேன்.

ஸ்பிரிங்கில் வேலை செய்கிற சுற்று ஆறு என்று வையும். ஒன்றை வெட்டினால் ஐந்து. கம்பியின் தடிப்பு அதேதான், ஆகவே இறுக்கம் 20 சதவீதம் கூடும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. ஷொக்கின் கீழ்த் தட்டில் ஸ்பிரிங்கின் முனை வந்து குந்துவதற்கென்று ஒரு படி இருக்கிறது, வெட்டின முனை அதில் சரியாகக் குந்தாது. நீளமும் இல்லாததால் சில்லு பள்ளத்தில் தொங்குகிற நேரம் ஸ்பிரிங் கழன்று ஆடும், திரும்ப ஏறும்போது வேறு இடத்தில் போய் உட்காரும். கேஸ் பிடித்துச் சூடாக்கி இறக்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம், சூடு பட்ட இடத்தில் உருக்கின் பதம் போய்விடும். நீர் வாங்கியது நீளத்தைக் குறைத்து, இறுக்கத்தைக் கூட்டி, முனையைச் சரியாக முடித்து, அந்தக் காருக்கென்றே செய்த சாமான். இரண்டும் ஒன்றல்ல.

வீட்டில் செய்யலாமா என்றால், ஓம், செய்யலாம். ஆனால் இந்த வேலையில் ஒரே ஒரு இடத்தில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது, அதை விளங்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஸ்பிரிங்கை மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் இறுக்கம் என்று எடுத்துக்கொண்டு 100 மில்லிமீட்டர் அமுக்கினால், அதற்குள் அடங்கியிருக்கிற தள்ளு ஏறக்குறைய 300 கிலோ. கைவிட்டுப் போனால் வெளியே வருகிற அடி, 15 கிலோ எடையுள்ள ஒரு சாமானை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து முகத்தில் போடுவது மாதிரி. ஆகவே ஷொக்கின் தலையில் நடுவில் இருக்கிற நட்டை, ஸ்பிரிங்கைக் கொம்பிரசரால் அமுக்கி அது மேல் தட்டை விட்டுத் தளர்ந்து கையால் சுற்றக்கூடியதாக வரும்வரைக்கும், தொடவே கூடாது. கார் மேலேயே அதைக் கழற்றப் பார்த்த ஒரு பொடியனின் கையை நான் கண்டிருக்கிறேன், அதற்கு மேல் சொல்ல மனமில்லை. கொம்பிரசரின் இரண்டு கொக்கிகளையும் நேர் எதிரெதிராக மாட்டும், ஒரு பக்கம் நாலு சுற்று, மற்றப் பக்கம் நாலு சுற்று என்று மாறி மாறிக் கையால்தான் இறுக்க வேண்டும். ஏர் கன் போட்டால் அந்த மரை சூடாகிக் கடித்துப் பிடித்துவிடும். இரவல் வாங்குகிற கொம்பிரசரின் மரையையும் கொக்கியையும் முதலில் வெளிச்சத்தில் பாரும், தேய்ந்திருந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடும்.

சரி, கழற்றுகிற விதம். ஈகே3 முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது சில்லை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆம் (arm) பிடித்திருக்கும். ஷொக்கின் அடியில் கவட்டை மாதிரி ஒரு துண்டு இருக்கும், ஃபோர்க் என்போம். பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கிற பிராக்கெட்டை முதலில் விடுவியும், இல்லாவிட்டால் கீழ் ஆம் கீழே இறங்குகிற நேரம் முழு இழுவையும் ஹோஸில் போகும். பிறகு ஃபோர்க்கைக் கவ்விப் பிடிக்கிற 14 ஸ்பனர் போல்ட், கீழ் ஆமுக்குப் போகிற 17 ஸ்பனர் போல்ட். அது இரண்டும் வந்துவிட்டால் பானட்டுக்குள் மேல் நட்டுகள். ஷொக்கைக் கையில் எடுத்த பிறகு ஒரு வெள்ளைப் பெயின்ட் எடுத்து, மேல் மவுண்ட் (ஷொக்கின் தலையைக் காரோடு பூட்டுகிற தட்டு) எந்தப் பக்கம் பார்த்து நின்றது, ஷொக்கின் உடம்பில் இருக்கிற சின்ன நாக்கு எந்தப் பக்கம் நின்றது என்று நீட்டுக்கு ஒரு கோடு போட்டுவிடும். அந்த நாக்குத்தான் ஃபோர்க்கின் வெட்டுக்குள் போய் உட்காரும். கோடு போடாமல் பிரித்துவிட்டு, பூட்டுகிற நேரம் மவுண்ட் முப்பது பாகை திரும்பி நிற்க, கொம்பிரசரைத் திரும்ப மாட்டி அரை நாள் வீணாக்கிய ஆட்கள் நிறையப் பேர்.

பின்பக்கம் லேசு. உள்ளே இருக்கிற உறையை விலக்கினால் மேல் நட்டுகள் தெரியும், கீழே ஒரு 14 போல்ட். லேசு என்று சொன்னது கறல் இல்லாத காருக்கு. நம் ஊர்க் கடல் காற்றில் இருபத்தைந்து வருடம் நின்ற காரில் அந்தக் கீழ் போல்ட் புஷ்ஷின் உள் குழாயோடு ஒட்டிப் பிடித்திருக்கும். மூன்று நாள் முன்னரே, காலையும் பின்னேரமும், கறல் கழற்றுகிற எண்ணெய் அடித்துக்கொண்டு வாரும்.

இனி யாரும் சொல்லாத விஷயம், நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே இதற்காகத்தான். கீழ் ஆம், ஃபோர்க், பின் ஷொக்கின் அடி, இவற்றில் எல்லாம் இருக்கிற ரப்பர் புஷ் சுழல்கிற சாமான் அல்ல. உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டின ரப்பர் அது, முறுகித்தான் வேலை செய்யும். சில்லு அந்தரத்தில் தொங்குகிற நேரம் நீர் போல்ட்டை இறுக்கிவிட்டால், காரை நிலத்தில் இறக்கின நிமிடத்திலிருந்து அந்த ரப்பர் முறுகினபடியே கிடக்கும், ஒரு நிமிடம்கூட ஓய்வில்லை. கொஞ்ச மாதத்தில் கிழியும். காரும் சொன்ன அளவுக்கு இறங்காமல் விறைத்து நிற்கும். பிறகு "லோவரிங் ஸ்பிரிங் போட்டால் கார் தடதட என்கிறது" என்று ஸ்பிரிங்கைக் குறை சொல்வார்கள். ஆகவே அந்தப் போல்ட்டுகளைக் கையால் மட்டும் பூட்டி வையும். எல்லாம் முடிந்த பிறகு காரைப் பலகை மேல், நாலு சில்லிலும் பாரம் ஏறினபடி நிறுத்தி, கீழே போய் கடைசி இறுக்கம். அல்லது கீழ் ஆமின் அடியில் ஜக் வைத்து, சில்லின் நடுவுக்கும் மட்கார்ட் விளிம்புக்கும் உள்ள தூரம் கார் நிற்கப்போகிற அளவுக்கு வரும்வரை தூக்கி இறுக்கலாம். அதற்கு முதல் நாளே நாலு பக்கமும் அந்த தூரத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும்.

ஷொக் பற்றி: ஒழுகவில்லை என்பது நல்லா இருக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல. கழற்றின பிறகு தண்டைக் கையால் அமுக்கி விட்டுப் பாரும். ஒரே சீராக, எதிர்ப்போடு போக வேண்டும். நடுவில் எங்காவது வெறுமையாக விழுந்தால் அது செத்துவிட்டது. இறுக்கம் கூடின ஸ்பிரிங்கைக் களைத்த ஷொக்கால் அடக்க ஏலாது, ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் மூன்று தடவை குதிக்கும். 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து நாமெல்லாம் பழைய காரை வைத்துத்தானே சமாளித்தோம், அந்த வருடங்களில் ஷொக் மாற்றினதா என்று அப்பாவிடம் கேளும். இல்லை என்றால் நாலையும் சேர்த்து மாற்றும். ஒரே வேலையை இரண்டு தடவை செய்யாதேயும்.

அலஸ்தோட்டம்_அக்கா எழுதியது:

மேலே அண்ணன் எழுதியதை அப்படியே பிரின்ட் எடுத்து முற்றத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நான் வேலையைச் செய்கிறவள் அல்ல, ஓட்டுகிறவள். ஈகே3தான். என்னிடம் வந்தபோதே முன்னால் இருந்தவர் ஸ்பிரிங் வெட்டிவிட்டிருந்தார், எனக்கு அது தெரியாது. ஒரு நாள் இரவு ஹபரணையிலிருந்து கந்தளாய் நோக்கி வந்துகொண்டிருந்தேன். அந்த வழியில் யானை குறுக்கே வரும் என்பது எல்லாருக்கும் தெரியும், நான் மெதுவாகத்தான் வந்தேன். என் லைட் வெளிச்சம் றோட்டில் கிட்டத்திலேயே விழுந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கூட இறங்கியிருந்ததால் ஹெட்லைட் மூக்கைக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. யானையின் கால்தான் முதலில் தெரிந்தது. கால் மட்டும். மேலே முழுக்க இருட்டு. பிரேக் பிடித்த இடத்திலிருந்து அது அசையும்வரை நான் லைட்டை அணைப்பதா விடுவதா என்றுகூட யோசிக்க முடியாமல் இருந்தேன், மகள் பின் சீட்டில் நித்திரை.

அதனால் சொல்கிறேன், மாதம் இரண்டு தடவை அந்த வழியால் போகிறவர் நீங்கள். ஸ்பிரிங் மாற்றினால் அன்றைக்கே ஹெட்லைட் உயரத்தையும் சரிபாருங்கள். சமதளத்தில் ஒரு சுவருக்கு முன்னால் காரை நிறுத்தி, மாற்றுவதற்கு முன்னர் வெளிச்சத்தின் மேல் விளிம்பு எங்கே விழுகிறது என்று சோக்குக் கட்டியால் ஒரு கோடு, மாற்றின பிறகு அதே இடத்தில் நிறுத்தி இன்னொரு கோடு. கார் இறங்கின அளவுக்குக் கோடு இறங்குவது சரி. அதைவிடக் கூட இறங்கியிருந்தால் திருகித் தூக்க வேண்டும்.

இன்னொன்று, இன்ஷூரன்ஸ் கொம்பனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள், மாற்றம் செய்திருக்கிறேன் என்று. விபத்துக்குப் பிறகு அவர்கள் கண்டுபிடிப்பதைவிட நீங்கள் முதலே சொல்வது நல்லது.

மூதூர்_80 எழுதியது:

நானும் இறக்கி ஓட்டினவன், இரண்டு அங்குலத்துக்கும் மேலே. ஈகே3-ஐ அதிகம் இறக்கினால் மேல் ஆமின் தலை மேலே போய் உள் தகட்டில் முட்டும். பானட்டைத் திறந்தால் ஷொக்கின் தலை பூட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் தகடு உள்ளிருந்து புடைத்திருப்பது தெரியும். என் காரில் அப்படி வந்தது. ஒன்றரையோடு நிற்பாட்டுங்கள். கிண்ணியாப் பாலம், டவுன் றோட்டு எல்லாம் பிரச்சினை இல்லை, உள் ஒழுங்கைகளில் இருக்கிற வேகத்தடையில்தான் சைலன்சர் தட்டும். சாய்த்து ஏறாதீர்கள், அது வீண் பழக்கம். நேராக, நடக்கிற வேகத்தில் ஏறினால் போதும். நாலு பேர் ஏறினால் கதை வேறு.

உவர்மலை_ஈகே3 எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. உப்புவெளி அண்ணன், அப்பாவிடம் கேட்டேன், ஷொக் ஒரு தடவையும் மாற்றவில்லையாம். கேவைபி (KYB) கொம்பனி ஷொக் நாலு ஓடர் கொடுத்துவிட்டேன், ஆகவே வேலை இரண்டு கிழமை தள்ளிப்போகிறது. ஸ்பிரிங் பாவித்தது என்பதால் ஏதாவது பார்க்க வேண்டுமா? மணல் முற்றத்துக்கு என்ன செய்யலாம்? வீட்டில் புளொக் கல் நிறையக் கிடக்கிறது, அதை அடுக்கி மேலே ஸ்டாண்ட் வைக்கலாமா?

உப்புவெளி_ஸ்பனர் எழுதியது:

புளொக் கல் வேண்டவே வேண்டாம் தம்பி. உள்ளே ஓட்டை உள்ள கல், ஒரு நிமிடம் தாங்கும், அடுத்த நிமிடம் சத்தமில்லாமல் பொடியாகும். மணலில் நேராக ஸ்டாண்ட் வைத்தாலும் ஒரு கால் மட்டும் புதைந்து சாயும். கொங்கிரீட் போட்ட இடம் ஒன்றை அயலில் கேட்டு வாங்கும், கேட்டால் ஒருவரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஸ்டாண்டில் வைத்த பிறகு, கீழே போவதற்கு முன்னர், மட்கார்டில் கை வைத்து நல்லா ஒரு தள்ளுத் தள்ளிப் பாரும். விழுகிறதென்றால் அப்போதே விழட்டும். கழற்றின சில்லைக் காரின் அடியில் தள்ளி வையும்.

பாவித்த ஸ்பிரிங்கில் பெயின்ட் உரிந்து கறல் பிடித்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாரும். கறல் மேலோட்டமாக இருந்தால் பெயின்ட் அடித்துப் போடலாம், குழி விழுந்திருந்தால் போடாதேயும், உடைகிறது அந்தக் குழியில்தான் தொடங்கும். நாலையும் தரையில் நிறுத்தி, முன் இரண்டும் ஒரே உயரமா, பின் இரண்டும் ஒரே உயரமா என்றும் பாரும். முன்னையும் பின்னையும் ஒப்பிட வேண்டாம், அது வேறு வேறாகத்தான் இருக்கும்.

உவர்மலை_ஈகே3 எழுதியது:

வேலை முடிந்தது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பிறகு தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தொடங்கினோம், பெரியப்பா வீட்டுக் கொங்கிரீட் தளத்தில். முன்பக்கம் இரண்டும் மத்தியானத்துக்குள் முடிந்தது. கொம்பிரசரை இறுக்குகிற நேரம் நானும் மச்சானும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை, அந்த ஸ்பிரிங் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் "டிக், டிக்" என்று முனகிக்கொண்டு சுருங்குகிறது, அண்ணன் சொன்ன 300 கிலோ அப்போதுதான் மனதில் ஏறியது. ஷொக்கின் தலை எங்கள் இருவர் பக்கமும் இல்லாமல் மதிலைப் பார்த்தபடி வைத்துத்தான் நடு நட்டைக் கழற்றினோம். பழைய ஷொக்கின் தண்டை அமுக்கிப் பார்த்தேன், வலது முன்பக்கம் அப்படியே உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டது. வெளியே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை!

மாட்டிக்கொண்டது பின்பக்கம், இடது கீழ் போல்ட். மூன்று நாள் எண்ணெய் அடித்திருந்தேன், வலது பக்கம் அழகாக வந்தது, இடது அசையவில்லை. போல்ட்டின் தலை திரும்புகிறது, ஆனால் உள் குழாயும் சேர்ந்து சுற்றுகிறது, ரப்பர் முறுகித் திரும்ப இழுக்கிறது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வெல்டரைக் கூப்பிட்டுப் போல்ட்டை இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தோம். புதிய போல்ட் ஒன்று கைவசம் இல்லாததால் திங்கள்வரை கார் ஸ்டாண்டிலேயே நின்றது. இந்த வேலை செய்யப்போகிறவர்கள் பின் கீழ் போல்ட் இரண்டை முதலே வாங்கி வையுங்கள்.

கடைசி இறுக்கம் எல்லாம் பலகையில் சில்லு நிற்க, கீழே படுத்து, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ரென்ச்சால். பூட்டின எல்லாப் போல்ட்டிலும் புதிய பெயின்ட் கோடு போட்டிருக்கிறேன், அசைந்தால் கோடு பிசகும். சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புக்கு முன்பக்கம் முதல் 38 சென்ரிமீட்டர், மாட்டின அன்று 34.8, பத்து நாள் ஓடின பிறகு 34.3. பின்பக்கமும் அதே அளவுதான் இறங்கியிருக்கிறது. டவுனில் அலைன்மென்ட் செய்தேன், முன் டோ (மேலிருந்து பார்த்தால் சில்லுகளின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கிற அளவு) நல்லா வெளியே போயிருந்தது, சரிசெய்தார்கள். முன் கேம்பர், அதாவது சில்லின் மேற்பக்கச் சாய்வு, கொஞ்சம் உள்ளே நிற்கிறது, இந்தக் காரில் அதைத் திருப்ப இடமில்லை என்றார்கள். டயரின் உள் ஓரத்தை மாதம் ஒரு தடவை கையால் தடவிப் பார்க்கச் சொன்னார்கள்.

அக்கா, மதிலில் இரண்டு கோடும் போட்டேன். இறங்கினது மூன்றரைச் சென்ரிமீட்டர், கார் இறங்கினதும் ஏறக்குறைய அவ்வளவே. திருக வேண்டி வரவில்லை. ஆனால் இரண்டு கோட்டையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலைத் தாண்டி மேலே ஏறுகிற வழி முழுக்க நான் சைலன்சர் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே ஓட்டினேன், எங்கும் தட்டவில்லை. நடுவில் ஒரு மான் குறுக்கே நின்றது, காரை நிறுத்தினேன், பழைய மாதிரி மூக்குக் குத்தி ஆடாமல் அப்படியே நின்றது. அம்மா இறங்குகிற நேரம் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு, "சீட் பதிஞ்சு போச்சோ மகன், எழும்ப கஷ்டமா இருக்கு" என்றார்.

அலஸ்தோட்டம்_அக்கா எழுதியது:

அம்மாவுக்கு ஒரு தடிப்பான மெத்தை வாங்கிப் போடுங்கள் தம்பி, முன் சீட்டுக்கு. என் அம்மாவுக்கு நானும் அதைத்தான் செய்தேன்.